தே ஓ, தே சி, மற்ற எழுத்துகள்

தம்பி சிங்கப்பூர் வந்து பதினோரு நாள் ஆகிறது. அறந்தாங்கிப் பக்கத்துப் பையன். எங்கள் அறையில் கதவோரக் கட்டில் அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை கீழ்த்தளத்துக் காப்பிக்கடைக்குப் போனவன், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தான்.

"அண்ணே, பால் இல்லாம, சீனி கம்மியா ஒரு டீன்னு இங்கிலீஷ்ல தெளிவாத்தான் சொன்னேன். அந்தம்மா என்னைப் பார்த்துச் சிரிச்சுட்டு உள்ள திரும்பி ஏதோ கத்துச்சு. திட்டுதுன்னு நெனச்சு வந்துட்டேன்."

திட்டியிருக்காது. "தே ஓ சியு தாய்!" என்று உள்ளே நிற்பவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கும். இவன் சொன்ன பத்து வார்த்தைக்கு இந்த ஊர்க் கணக்கில் நாலு வார்த்தை போதும். வா, உட்கார்ந்தே பேசலாம் என்று மறுபடி கீழே அழைத்துப்போனேன். மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தது. அவன் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்காரப் போக, நான் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அங்கே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். நம் ஊர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவதைப்போலத்தான். இங்கே இதற்கு 'சோப்' என்று பெயர். சிங்கப்பூரில் சண்டையில்லாமல் நடக்கும் காரியங்களில் இது ஒன்று. வேறு மேசை பார்த்தோம்.

இனி தேநீர். 'தே' என்று மட்டும் சொன்னால் டின் பால் ஊற்றிய டீ வரும். சர்க்கரை போட்டுக் கெட்டியாகக் காய்ச்சி டப்பாவில் அடைத்த பால் அது. வெயில் ஊரில் பசும்பாலை வைத்துக் காப்பாற்ற வசதியில்லாத காலத்துப் பழக்கம். குளிர்பெட்டி வந்த பிறகும் நாக்கு அதை விடவில்லை. பால் கோப்பையின் அடியில் கிடக்கும், மேலே டிகாக்‌ஷன் நிற்கும். கலக்காமல் குடிக்கிறவன் முதல் மடக்கில் கசப்பையும் கடைசி மடக்கில் பாயசத்தையும் குடிப்பான். நான் முதல் வாரம் முழுக்க அப்படித்தான் குடித்தேன்.

'தே ஓ' என்றால் பால் கிடையாது, சீனி உண்டு. 'ஓ' ஹொக்கியன் சீனத்தில் கறுப்பு. 'தே சி' என்றால் டின் பாலுக்குப் பதில், தண்ணீரை வற்றவைத்த இனிப்பில்லாத பால். சீனி தனியாகப் போடுவார்கள். இந்த 'சி' எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு கதை உண்டு. ஹைனான் தீவுக்காரர்கள் பேச்சில் 'புதியது' என்பதற்கான சொல் என்கிறார்கள் சிலர். கார்னேஷன் என்ற பால் டப்பாவின் முதலெழுத்து என்கிறார்கள் சிலர். 'கோசோங்' மலாய்ச் சொல், வெறுமை என்று பொருள். சீனியே வேண்டாம் என்றால் அதைச் சொல்ல வேண்டும். 'சியு தாய்' இனிப்பு குறைவு, 'கா தாய்' இனிப்பு கூடுதல். 'காவ்' என்றால் கடுப்பு, 'போ' என்றால் லேசு, 'பெங்' என்றால் ஐஸ். இவற்றை வரிசைப்படி கோர்த்துவிட வேண்டியதுதான். தே சி காவ் சியு தாய் பெங். ஐஸ் போட்ட, கடுப்பான, சீனி குறைந்த, இனிப்பில்லாப் பால் டீ. ஹொக்கியன், மலாய் என்று நாலைந்து பேச்சு அந்த ஒரே கோப்பையில் கலந்து கிடக்கிறது. யாரும் யாருடைய மொழியையும் முழுதாகக் கற்றுக்கொள்ளவில்லை; டீ வாங்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கற்றுக்கொண்டார்கள்.

கேலிப் பெயர்களும் உண்டு. 'தாக் கியு' என்றால் பந்து உதைத்தல். கேட்டால் மைலோ வரும், டப்பாவில் பந்து விளையாடும் படம் இருந்ததால். 'தியோ ஹி' என்றால் மீன் பிடித்தல். டீ பையை நூலில் கட்டி வெந்நீரில் முக்கி முக்கி எடுப்பதைப் பார்த்தவன் யாரோ வைத்த பெயர்.

தம்பிக்கு இதெல்லாம் அந்நியமாகப் பட்டது. 'தே' என்பதே நம் வீட்டுச் சொல்தானே என்றேன். சீனாவின் தென்கிழக்குக் கரையில் தேயிலைக்குத் 'தே' என்று பெயர். கப்பலேறிய இடமெல்லாம் அந்தப் பெயரும் போயிற்று. மலாயில் தே. நம்மிடம் தேயிலை, தேநீர். இலங்கைத் தமிழில் தேத்தண்ணி. 'டீ'யும் அதன் உடன்பிறப்புதான். அதற்குப் போடும் 'சீனி'யும் சீன தேசத்துப் பெயரைத்தான் சுமந்துகொண்டிருக்கிறது. அறந்தாங்கியில் "டீ, சீனி கம்மி" என்று சொன்னபோதெல்லாம் பாதிச் சீனத்தில் பேசியிருக்கிறாய் என்றதும் பையன் கொஞ்சம் நிமிர்ந்தான். பதிலுக்கு நாமும் கொடுத்திருக்கிறோம். இந்த அடுக்குமாடிகளின் அடியில் இருக்கும் சின்ன மளிகைக் கடையைச் சீனப் பிள்ளைகளும் 'மாமா ஷாப்' என்றுதான் சொல்கிறார்கள். நம்முடைய மாமாதான் அது.

அவனே எழுந்துபோய்ச் சொல்லி வாங்கி வந்தான். ஆன்ட்டி இந்த முறையும் சிரித்தது. விலை ஒன்றரை வெள்ளி. 'டாலர்' என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம், இங்கே தமிழன் வாயில் அது வெள்ளிதான்.

இந்தப் பாடமெல்லாம் நானாகப் படித்ததில்லை. ஐந்து வருஷத்துக்கு முன் எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் மன்னார்குடிக்காரன். கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளன். அவன் குடிப்பது தே சி காவ் சியு தாய், மாற்றமே கிடையாது. நான்கறை வீட்டில் ஆறு பேர் இருந்தோம். மற்ற நால்வர் ரூம்மேட், அவன் மட்டும் எப்படி சிநேகிதன் ஆனான் என்று யோசித்திருக்கிறேன். ஊரில் சிநேகிதத்துக்குப் பள்ளிக்கூடமும் பங்காளி உறவும் தெருவும் ஏற்கெனவே வேலை பார்த்து வைத்திருக்கும். இங்கே அப்படி எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் வரிசைகள். டீ வரிசை, பணம் அனுப்பும் வரிசை, குடிநுழைவு வரிசை. பொழுதுபோக்கு என்று பேர் பண்ணிக்கொண்டு நாங்கள் போன இடங்களில் பாதி நேரம் நின்றதுதான் மிச்சம். நிற்கும்போது பேசித்தானே ஆக வேண்டும்?

பெரிய வரிசை என்றால் மலேசியாவின் ஜோகூர் பாரு. உட்லண்ட்ஸ் கடலோரப் பூங்காவில் நின்றால் எதிர்க்கரைக் கட்டடங்கள் தெரியும். நடுவில் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடிய பாலம், 1924இல் முறையாகத் திறந்தது. அவ்வளவு கிட்டத்தில் இருந்தும் மன்னார்குடிக்காரன் ஆறு வருஷம் அக்கரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவன். விசாவுக்கு யார் அலைவது, யார் கட்டணம் கட்டுவது? 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் கடவுச்சீட்டுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்று மலேசியா அறிவித்ததும், அடுத்த ஞாயிறே கிளப்பிவிட்டான். அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலிச் சீன நண்பனும் ஒட்டிக்கொண்டான்.

போகிற முறையைத் தம்பிக்கு விளக்கினேன். கிராஞ்சி ரயில் நிலையத்தில் 170ஆம் எண் பேருந்து ஏறு. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் மூட்டை முடிச்சோடு இறங்கு. நீ வந்த வண்டி உனக்காக நிற்காது. சிங்கப்பூர்க் குடிநுழைவு முடித்துக் கீழே வந்து, அதே எண் போட்ட எந்த வண்டியிலும் ஏறிப் பாலம் தாண்டு. மறுபடி இறங்கு, மலேசியக் குடிநுழைவு. மலேசியாவுக்கு இணையத்தில் நிரப்பும் வருகை அட்டையை முந்தின நாளே முடித்து வை. அங்கே வரிசையில் நின்றுகொண்டு, போனில் கட்டம் கட்டமாகத் தட்டிக்கொண்டிருந்தால் பின்னால் நிற்பவன் சாபம் பலிக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று. அன்று எங்கள் வரிசை பிரிந்துவிட்டது. சீன நண்பன் சிங்கப்பூர்க் குடிமகன், தானியங்கிக் கதவில் விரலை வைத்து அந்தப் பக்கம் போய்விட்டான். எங்களுக்கு நேரம் ஆனது. அவன் நினைத்திருந்தால் முன்னால் வந்த பேருந்தில் ஏறிப்போய் அக்கரையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். நாங்கள் இறங்கி வந்தபோது 170க்கான தடுப்புக் கம்பியோரம் நின்று, வந்தவர்களையெல்லாம் தனக்கு முன்னால் விட்டுக்கொண்டிருந்தான். எத்தனை வண்டி விட்டாய் என்று கேட்டதற்கு மூன்று விரலைக் காட்டினான். மூன்று வருஷமாகப் பக்கத்து நாற்காலி. அன்றைக்குத்தான் அவன் தம்பி, அப்பா, வீட்டுக் கடன் எல்லாம் எனக்குத் தெரியவந்தது.

அக்கரையில் பார்த்தது பெரிதாக ஒன்றுமில்லை. ராஜகாளியம்மன் கோயில் மட்டும் சொல்ல வேண்டும். சுவர், தூண், கூரை எல்லாம் கண்ணாடித் துண்டுகளால் இழைத்தது, நாம் அங்கங்கே நூறு துண்டாகத் தெரிவோம். அப்புறம் முடிவெட்டிக்கொண்டோம். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறபோது தலைமுடியும் கூடத்தான் வளரும். அங்கேயும் தமிழர் ரிங்கிட்டை 'வெள்ளி' என்பதால், எந்த வெள்ளி என்று கேட்டுக்கொண்டே விலை பேச வேண்டியிருந்தது.

உட்கார்ந்தது மாமாக் கடையில். தமிழ் முஸ்லிம்கள் வைத்த கடைகளுக்கு அந்த நாட்டில் 'மாமாக்' என்றே பெயர். பெரிய திரையில் பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. 'தே தாரிக்' சொன்னோம்; 'தாரிக்' என்றால் மலாயில் இழு. மாஸ்டர் வலக்கைக் குவளையைத் தலைக்குமேல் தூக்கி, இடக்கைக் குவளையை இடுப்புக்குக் கீழே இறக்கி, நடுவே பழுப்புக் கயிறாக டீயை இழுத்தார். கண் மட்டும் திரையில், பந்தின்மேல். கோல் விழுந்தபோது தோள் குலுங்கியது, கயிறு அறவில்லை. நாலைந்து முறை இப்படி ஆற்றினால் சூடு வாய்க்கு இதமாகும், டின் பால் ஒன்றாகக் கலக்கும், மேலே நுரை கட்டும். நம் டீக்கடை ஆற்றல்தான், கடல் தாண்டி வந்து பேர் வாங்கிவிட்டது. மன்னார்குடிக்காரன் அதையும் ஒரு வாய் குடித்துவிட்டு, இனிப்பு ஜாஸ்தி என்றான்.

சினிமாவும் உண்டு. முதல் நாள் முதல் காட்சிக்குச் சீன நண்பனைக் கூட்டிப்போனோம். ஆங்கிலத் துணையுரை ஓடும். ஒரு சங்கதி கவனித்தேன். நகைச்சுவைக் காட்சியில் அவன் எங்களுக்கு முன்னால் சிரித்தான். வசனம் பேசி முடியுமுன் எழுத்து வந்துவிடுகிறது அல்லவா? அரங்கில் முந்நூறு பேர் காத்திருக்க, இவன் ஒருத்தன் மட்டும் முன்கூட்டியே 'ஹா' என்றான். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். இடைவேளைக்குப் பிறகு அவனே உஷாராகி, எழுத்தைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு, எல்லோரோடும் சேர்ந்து சிரிக்கக் கற்றுக்கொண்டான். விசிலுக்கு மட்டும் எழுத்து வரவில்லை என்று குறைப்பட்டான்.

தம்பி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்த மன்னார்குடி அண்ணன் இப்ப எங்க?" என்றான்.

அவன் படுக்கிற கதவோரக் கட்டில் யாருடையது என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மன்னார்குடிக்காரன் வேலை பார்த்த திட்டம் முடிந்தது, அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. எஸ் பாஸ் என்ற அந்த வேலை அனுமதி ரத்தானால் 30 நாள் வரை தங்கலாம்; அதற்குள் வேறு வேலை, இல்லையென்றால் விமானம். முதல் இருபது நாள் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தான். கடைசிப் பத்து நாள் சாமான் வாங்கினான். இரண்டு டஜன் கோடாலித் தைலம், மைலோ, அம்மாவுக்குக் கைவிளக்கு. பெட்டியைக் குளியலறை எடைக்கருவியில் வைத்து வைத்துப் பார்த்தோம். அரைக் கிலோ கூடியது. மைலோவைப் பிரித்து எனக்கு ஒரு டப்பா கொடுத்தான். விமான நிலையத்தில் சீன நண்பன் மூன்று கோப்பை வாங்கி வந்தான். யாருக்கு என்ன என்று கேட்கவில்லை. மூன்றும் சரியாக இருந்தன.

போன வாரம் ஒரு குரல் பதிவு வந்தது. அதைத் தம்பிக்குப் போட்டுக்காட்டினேன். மன்னார்குடி தேரடிப் பக்கத்துச் சத்தம், பேருந்து ஹாரன், பாய்லர் மூடி. நடுவில் அவன் குரல்: "மாஸ்டர், ஒரு தே சி." கொஞ்சம் நிசப்தம். பிறகு மாஸ்டர்:

"என்ன சீ? சீனி கம்மியா, சீனியே இல்லாமயா?"

"சியு தாய்," என்கிறான் இவன், பழக்கத்தில்.

கிளாஸ் வைக்கிற சத்தம். "தம்பி, இங்க டீ, காப்பி, பூஸ்டு."