காய்கறிப் பயோஃபிளேவனாய்டுகளும் புரோஸ்டேட் நோய்களும்: வடசென்னை உழைப்பாளர் உணவை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

காய்கறிகளிலுள்ள பயோஃபிளேவனாய்டுகள் புரோஸ்டேட் சுரப்பியின் கோளாறுகளைத் தீர்க்கும் இயற்கை மருந்து என்னும் கருத்து பரவலாக நிலவுகிறது. அக்கருத்தின் அடிப்படையை ஆய்வுக்கூடச் சான்று, மனிதர்மீதான மருத்துவச் சோதனை என இரு நிலைகளில் பிரித்து இக்கட்டுரை விளக்குகிறது. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதி உழைப்பாளரின் உணவும் சூழலும் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றன. காய்கறி நல்லுணவு, ஆயினும் சிறுநீர் அடைப்புக்கு அது மருந்தாகாது என்பது இக்கட்டுரையின் முடிபு.

குறிச்சொற்கள்: பயோஃபிளேவனாய்டு, குவெர்செடின், புரோஸ்டேட் வீக்கம், சித்த மருத்துவம், வடசென்னை

முன்னுரை

துறைமுகத்தில் சரக்கேற்றும் பணி செய்து ஓய்வு பெற்ற என் உறவினர் ஒருவர் திருவொற்றியூரில் வாழ்கிறார். சிறுநீர் தடைப்பட்டு இரவில் ஐந்தாறு முறை எழ வேண்டிய நிலையில், ஈராண்டுகள் காய்கறிச் சாற்றையே மருந்தாகப் பருகிவந்தார். மருத்துவரிடம் செல்லக் கூச்சம் ஒருபுறம். இயற்கை மருந்து இருக்கும்போது மருத்துவர் எதற்கு என்னும் நம்பிக்கை மறுபுறம். ஒரு நள்ளிரவில் சிறுநீர் முற்றிலும் அடைபட்டு, வலியால் துடித்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். குழாய் செருகிச் சிறுநீரை வெளியேற்றிய பின்னர், சிறுநீரகங்களும் பழுதடையத் தொடங்கியிருந்தமை தெரியவந்தது. அவரது நம்பிக்கையில் எவ்வளவு உண்மை இருந்தது, அது எவ்விடத்தில் பிழைபட்டது என்னும் வினாக்களிலிருந்து இக்கட்டுரை பிறந்தது.

1. புரோஸ்டேட் சுரப்பியின் மூவகைக் கோளாறுகள்

புரோஸ்டேட், ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்த்தாரையைச் சூழ்ந்து அமைந்த சிறு சுரப்பி. இளமையில் அதன் எடை ஏறத்தாழ 20 கிராம். இதில் தோன்றும் கோளாறுகள் மூவகைப்படும்: முதுமையில் ஏற்படும் புற்று அல்லாத வீக்கம், அழற்சி, புற்றுநோய். 60 வயதை எட்டும் ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் வீக்கத்திற்குரிய திசுமாற்றம் காணப்படுகிறது. 80 வயதைக் கடந்தோரில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இம்மாற்றம் உண்டு.

டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீர், ஐந்து-ஆல்பா ரிடக்டேஸ் நொதியால் வலிமை மிகுந்த டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாறுகிறது. சுரப்பியின் வளர்ச்சியைத் தூண்டுவது இதுவே. ஃபினாஸ்டெரைடு மருந்து அந்நொதியைத் தடுக்கிறது. டாம்சுலோசின் சிறுநீர்ப்பைக் கழுத்தின் தசையைத் தளர்த்துகிறது. மூவகைக் கோளாறுகளின் காரணங்களும் மருத்துவமும் வெவ்வேறானவை. இவ்வேறுபாட்டைக் கருதாமல் புரோஸ்டேட் பிரச்சினைக்கு மருந்து என்று பொதுவாகச் சொல்வதே குழப்பத்தின் தொடக்கம்.

2. பயோஃபிளேவனாய்டு: பெயரும் இருப்பிடமும்

மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து ஃபிளேவனாய்டு என்னும் பெயர் வந்தது. 1936-இல் ஹங்கேரிய அறிவியலாளர் ஆல்பர்ட் செயின்ட்-ஜார்ஜியும் அவருடைய குழுவினரும் இப்பொருள்களை 'வைட்டமின் பி' (ஆங்கில நெடுங்கணக்கின் பதினாறாம் எழுத்து) என அழைத்தனர். உயிர்வாழ இவை இன்றியமையாதவை என்பது மெய்ப்பிக்கப்படாமையால் அப்பெயர் பின்னர்க் கைவிடப்பட்டது. வைட்டமின் குறைந்தால் ஒரு குறைநோய் தோன்றும். ஃபிளேவனாய்டு குறைவதால் தோன்றும் நோய் என எதுவும் அறியப்படவில்லை.

வெங்காயம், முருங்கைக்கீரை, வெண்டைக்காய் ஆகியவற்றில் குவெர்செடின் உண்டு. கத்தரிக்காய்த் தோலின் ஊதா நிறம் ஆந்தோசயனின் என்னும் ஃபிளேவனாய்டு வகையைச் சார்ந்தது. சோயா மொச்சையில் ஐசோஃபிளேவோன்கள் உள்ளன. தக்காளியின் சிவப்பு நிறத்திற்குக் காரணமான லைகோபீன் பலரால் ஃபிளேவனாய்டு எனக் கருதப்படினும், அது கரோட்டினாய்டு வகையைச் சார்ந்தது.

காசிமேட்டு மீன் குழம்பில் சின்ன வெங்காயமும் தக்காளியும் நிறையச் சேர்கின்றன. காயை வேகவைக்கும்போது குவெர்செடினின் ஒரு பகுதி நீரில் இறங்கும். பொரியலுக்கு வேகவைத்த நீரை வடித்துவிட்டால் அப்பகுதி வீணாகும். குழம்பில் அந்நீரும் உணவாகிறது. வெங்காயத்தில் சர்க்கரையுடன் பிணைந்திருக்கும் குவெர்செடினை, தனித்த குவெர்செடினைக் காட்டிலும் குடல் நன்கு உறிஞ்சுகிறது. இவ்வகையில் வடசென்னை உழைப்பாளரின் வீட்டுச் சமையல் ஃபிளேவனாய்டுகளுக்கு ஏழ்மையானதன்று.

3. ஆய்வுக்கூடச் சான்றின் எல்லை

பச்சைத் தேயிலையின் எபிகேலோகேட்டச்சின் கேலேட், ஐந்து-ஆல்பா ரிடக்டேஸ் நொதியைத் தடுப்பதாக 1995-இல் ஆய்வுக்கூடத்தில் காட்டப்பட்டது. கண்ணாடிக் கலத்தில் வளர்த்த புரோஸ்டேட் புற்றுச் செல்களின் பெருக்கத்தைக் குவெர்செடின், ஏபிஜெனின் முதலியவை குறைத்துள்ளன. இவை மெய்யான முடிவுகளே. ஆயினும் அச்சோதனைகளில் பெரும்பாலும் பயன்படுத்தப்படும் செறிவு 10 முதல் 100 மைக்ரோமோலார் வரை. வெங்காய உணவுக்குப் பின் குருதியில் காணப்படும் குவெர்செடின் செறிவோ ஏறத்தாழ ஒரு மைக்ரோமோலார் அல்லது அதனினும் குறைவு. மேலும், குடலும் கல்லீரலும் அதனை வேறு வடிவங்களாக மாற்றிய பின்னரே அது குருதியில் உலவுகிறது. கலத்தில் செல்லைத் தொட்ட பொருளும் உடலில் சுரப்பியைச் சென்றடையும் பொருளும் அளவாலும் வடிவாலும் ஒன்றல்ல.

4. மனிதர்மீதான சோதனைகள்

குவெர்செடினுக்கு ஆதரவாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது 1999-இல் அமெரிக்காவில் ஷோஸ்க்ஸ் குழுவினர் வெளியிட்ட சோதனை. நாட்பட்ட புரோஸ்டேட் அழற்சியுடைய 30 ஆண்கள் அதில் பங்கேற்றனர். நாளொன்றுக்கு 500 மி.கி. வீதம் இருவேளை, ஒரு மாதம் குவெர்செடின் அளிக்கப்பட்டது. அதனை உட்கொண்டோரில் 67 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டனர். போலி மாத்திரை பெற்றோரில் 20 விழுக்காட்டினரே அத்தகைய முன்னேற்றம் கண்டனர். முடிவு ஊக்கமளிப்பது. எனினும் சோதனை சிறியது; ஆராயப்பட்ட நோய் அழற்சி மட்டுமே. முதுமை வீக்கத்திற்கோ புற்றுநோய்க்கோ இம்முடிவைப் பொருத்த இயலாது.

அளவையும் நோக்க வேண்டும். 100 கிராம் வெங்காயத்தில் ஏறத்தாழ 20 முதல் 40 மி.கி. குவெர்செடின் உண்டு எனக் கொண்டால், அச்சோதனையின் 1,000 மி.கி. அளவைப் பெற நாள்தோறும் இரண்டரை முதல் ஐந்து கிலோ வெங்காயம் உண்ண வேண்டும். அத்துணை அளவை எவ்வுணவும் தாங்காது.

காய்கறியை உணவாகவே ஆராய்ந்த சோதனையும் உண்டு. தொடக்கநிலைப் புரோஸ்டேட் புற்றுநோயுடன் கண்காணிப்பில் இருந்த 478 அமெரிக்க ஆண்கள் அதில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் நாள்தோறும் ஏழு பங்குக்குக் குறையாமல் காய்கறி உண்ணத் தொலைபேசிவழி அறிவுறுத்தப்பட்டனர். அவர்கள் உண்ட காய்கறியின் அளவு உண்மையாகவே கூடிற்று. ஆனால் ஈராண்டுகளில் நோய் முற்றும் வேகத்தில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இம்முடிவு 2020-இல் வெளியாயிற்று.

இயற்கைப் பொருளை மாத்திரையாக்கினால் தீங்கில்லை என்னும் எண்ணமும் தவறானது. 35,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் பங்கேற்ற மற்றொரு சோதனையில், வைட்டமின் ஈ மாத்திரை மட்டும் உட்கொண்டோரிடம் புரோஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு மிகுந்திருந்தமை 2011-இல் வெளியாயிற்று.

5. சித்த மருத்துவ மரபு

நெருஞ்சில், மூக்கிரட்டை, சிறுபீளை முதலியவற்றைச் சிறுநீர் பெருக்கும் மூலிகைகளாகச் சித்த மருத்துவம் கையாள்கிறது. ஆனால் அம்மரபு நோயை அறியாது மருந்து தருவதில்லை. எண்வகைத் தேர்வில் மூத்திரமும் ஒன்று. நீர்க்குறி, நெய்க்குறி எனச் சிறுநீரின் நிறம், மணம், எடை, அதில் இட்ட எண்ணெய் பரவும் முறை ஆகியவற்றைக் கண்டே மருத்துவர் நோயைக் கணித்தார். வெளியேறும் வழி அடைபட்டிருக்கையில் சிறுநீரைப் பெருக்கினால் பை மேலும் நிரம்பும். ஆகவே, தேர்வு இன்றித் தாமே சாறு பருகுதல் சித்த மரபுக்கும் ஒவ்வாதது.

6. வடசென்னைச் சூழல்

இப்பகுதிக்கு இருவகைச் சிக்கல்கள் உண்டு. முதலாவது, தொழில். துறைமுக வாயிலை நோக்கி எண்ணூர் விரைவுச்சாலையில் மணிக்கணக்கில் காத்திருக்கும் கண்டெய்னர் லாரி ஓட்டுநர்களுக்குக் கழிப்பிடம் எளிதில் கிட்டுவதில்லை. சிறுநீரை அடக்குவது புரோஸ்டேட் வீக்கத்தை உண்டாக்குவதில்லை. எனினும் வீக்கம் ஏற்கெனவே உள்ளவருக்கு, பை அளவுமீறி நிரம்புவது முழு அடைப்பைத் தூண்டக்கூடும். சளிக்குரிய சில மாத்திரைகளும் மதுவும் அவ்வாறே தூண்டும்.

இரண்டாவது, சூழல். கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்துள்ளமை நெடுங்காலப் பிரச்சினை. நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், காட்மியம் ஆகியன சிற்றளவில் உண்டு. இவ்விரண்டையும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என வகைப்படுத்திய பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, புரோஸ்டேட் புற்றுநோயுடனும் அவற்றுக்குத் தொடர்பு காணப்படுவதாகக் குறித்துள்ளது. கீரைகள் மண்ணிலுள்ள காட்மியத்தை எளிதில் ஏற்கும் இயல்புடையவை. எனவே, கீரையின் நன்மையைப் பேசுவோர் அது விளைந்த மண்ணையும் பேசுதல் வேண்டும்.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. நீடித்த அடைப்பால் சிறுநீரகம் பழுதுற்றவருக்குப் பொட்டாசியம் குருதியில் தேங்கும். கீரைச் சாறும் காய்கறிச் சாறும் பொட்டாசியம் மிகுந்தவை. மருந்தென நம்பிப் பருகும் சாறு அந்நிலையில் இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும்.

முடிவுரை

பயோஃபிளேவனாய்டுகள் நிறைந்த காய்கறிகள் உடல்நலத்திற்கு உகந்த உணவு. புரோஸ்டேட் அழற்சியில் குவெர்செடின் மேலும் ஆராயத்தக்கது. முதுமை வீக்கத்தையோ புற்றுநோயையோ காய்கறி குணப்படுத்தும் என்பதற்குச் சான்றில்லை. சிறுநீர் மெலிந்து வடிதல், இரவில் பலமுறை எழுதல், சிறுநீரில் குருதி ஆகிய அறிகுறிகள் தோன்றின், குழம்பும் கீரையும் தொடரட்டும். மருத்துவத் தேர்வு தள்ளிப்போகலாகாது. முதியோர் இன்றும் கஞ்சித்தொட்டி ஆசுபத்திரி என வழங்கும் அரசு ஸ்டான்லி மருத்துவமனை, இராயபுரத்தை ஒட்டியே உள்ளது. அங்குச் சிறுநீரியல் பிரிவும் இயங்குகிறது. நோய் பற்றித் தமிழில் எழுதுவோர் உணவின் பயனோடு அதன் எல்லையையும் சேர்த்துரைத்தால், அங்குச் செல்லக் கூசும் முதியவர் ஒருவரேனும் உரிய காலத்தில் செல்வார்.