காலண்டரில் ஒரு புள்ளி போதுமே!

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டை என்றாலே விமானப்படைத் தளம்தான் நினைவுக்கு வரும். பக்கத்தில் ஆவடி டாங்கித் தொழிற்சாலை வேறு. "டூட்டி விஷயத்தை வெளியிலே பேசாதே" என்பது இப்படிப்பட்ட குடும்பங்களுக்குப் பழகிப்போன பேச்சு. 2020 ஜூலையில் நம் ராணுவம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்பட 89 ஆப்களை போனிலிருந்து நீக்கும்படி தன் வீரர்களுக்கு உத்தரவே போட்டது. சரி, வீட்டுக்காரர் போனில் நீக்கியாயிற்று. இல்லத்தரசியின் போன்?

"நம்மகிட்ட என்ன பெரிய ரகசியம், எடுத்துட்டுப் போகட்டுமே!" என்று சிரிக்கும் சகோதரிகள் உண்டு. அவர்கள் இதைக் கொஞ்சம் கேட்க வேண்டும்.

மாதவிலக்குத் தேதியைக் குறித்துக்கொள்ள ஆப்கள் வந்திருக்கின்றன அல்லவா? அவற்றில் 'ஃப்ளோ' என்பதை உலகம் முழுக்கப் பத்துக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் பயன்படுத்தினார்கள். எப்போது விலக்கானோம், குழந்தைக்கு முயற்சி செய்கிறோமா, நாள் தள்ளிப் போயிருக்கிறதா... கணவரிடமே தயங்கிச் சொல்கிற சமாசாரங்களையெல்லாம் அதில் பதிந்தார்கள். ரகசியம் காப்போம் என்றுதான் கம்பெனியும் வாக்குக் கொடுத்தது. ஆனால் அந்த ஆப்புக்குள் ஃபேஸ்புக், கூகுள் போன்ற கம்பெனிகளின் சின்னச் சின்ன நிரல்கள் உட்கார்ந்திருந்தன. ஒரு பெண் கர்ப்பம் என்று பதிந்தால், அந்தச் செய்தி அவற்றின் வழியே வெளியே போயிற்று. 2019-ல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை இதை அம்பலப்படுத்தியது. 2021 ஜனவரியில் அந்நாட்டு வர்த்தக ஆணையத்துடன் ஃப்ளோ கம்பெனி சமரசத்துக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவில் ஒரு ஜூரி, ஃபேஸ்புக்கின் தாய்க் கம்பெனியான மெட்டாவும் சட்டத்தை மீறியது என்று சொல்லிவிட்டது.

மாமியாருக்குச் சொல்வதற்கு முன்னால் விளம்பரக் கம்பெனிக்குத் தெரிந்துவிடுகிறது, பாருங்களேன்!

அடுக்களைச் சுவரில் மாதக் காலண்டர் தொங்குகிறதே, பால் கணக்கும் காஸ் சிலிண்டர் வந்த தேதியும் எழுதியிருப்போமே, அதில் ஓரமாக ஒரு புள்ளி வையுங்கள். வேறு யாருக்கும் புரியாது. டாக்டர் "கடைசியா எப்போ?" என்று கேட்டால் விழிக்க வேண்டாம். ஒரு முதல் நாளிலிருந்து அடுத்த முதல் நாள் வரை எண்ணுங்கள். 21-லிருந்து 35 நாள் வரை இருந்தால் பொதுவாகச் சரிதான். முன்பின்னாக மாறிக்கொண்டே இருந்தால் டாக்டரிடம் காலண்டரையே காட்டலாம். போனில்தான் குறிப்பேன் என்கிறீர்களா? 'டிரிப்' என்று ஓர் இலவச ஆப் இருக்கிறது. எழுதியது உங்கள் போனிலேயே தங்கிவிடும்.

ஒன்று கவனியுங்கள். பழைய ஆப்பை அழிக்கும் முன் அதற்குள் போய்க் கணக்கையும் விவரங்களையும் நீக்கச் சொல்லுங்கள். படத்தை மட்டும் தூக்கிப் போட்டால் போனிலிருந்துதான் போகும். கம்பெனியிடம் இருப்பது அங்கேயே இருக்கும்.

அடுத்தது குழந்தை போட்டோ. எடுத்த இடம் எது என்பதையும் பல போன்கள் படத்தோடு சேர்த்துப் பதிந்துவிடும். காமிரா செட்டிங்ஸில் 'லொகேஷன்' என்றிருப்பதை அணைத்து வையுங்கள். குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர்கள் இன்றைக்கே செய்யலாம். 2018-ல் 'ஸ்ட்ராவா' என்ற உடற்பயிற்சி ஆப்பின் வரைபடத்தில், வீரர்கள் ஓடிய பாதையை வைத்தே வெளிநாட்டு ராணுவ முகாம்கள் பளிச்சென்று தெரிந்துவிட்டன! பள்ளிச் சீருடை, பெயர் அட்டையோடு பிள்ளை நிற்கும் படத்தை ஊருக்கெல்லாம் காட்ட வேண்டாமே. கூகுள் போட்டோஸ் கணக்கில்லாமல் இலவச இடம் கொடுத்ததும் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. ஆகவே படங்களை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, இன்னொரு நகலைப் பிறந்த வீட்டில் கொடுத்து வையுங்கள். நல்லதாகப் பத்துப் பன்னிரண்டை ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டால் ஆல்பமும் ஆச்சு.

2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர் புட்டசாமி என்ற ஓய்வுபெற்ற கர்நாடக நீதிபதி. 2023-ல் தகவல் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. சட்டம் இருக்கட்டும், நம் வீட்டுத் தாழ்ப்பாளை நாம்தானே போட வேண்டும்!

வாட்ஸ்ஆப்பை விட முடியுமா? ஸ்கூல் குரூப் இருக்கிறதே, முடியாதுதான். செய்திக்குப் பூட்டு அதிலும் உண்டு. ஆனால் யாரோடு, எப்போது பேசுகிறோம் என்பது கம்பெனிக்குத் தெரியும். குடும்பப் பேச்சுக்கு 'சிக்னல்' நல்லது. லாப நோக்கமில்லாத அறக்கட்டளை நன்கொடையில் நடத்துவது, விளம்பரம் கிடையாது. நம் ஜோஹோ கம்பெனியின் 'அரட்டை'யும் இருக்கிறது. 2025 செப்டம்பரில் அதற்குக் கூட்டம் மொய்த்தபோது எழுத்துச் செய்திகளுக்கு அந்தப் பூட்டு இல்லை; ஆகவே செட்டிங்ஸைப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

மாமியாரும் அம்மாவும் "எனக்கு இதெல்லாம் வராதும்மா" என்பார்கள். நீங்களே சிக்னலை இறக்கிக் கொடுத்து, பேரன் முதல் அடி வைத்த வீடியோவை அதில் மட்டும் அனுப்புங்கள். சாயங்காலத்துக்குள் கற்றுக்கொண்டுவிடுவார்கள்!