விழப்போற பல்லுதானே? – சொத்தையின் ஆழமும் அதற்கான வைத்தியமும்

மயிலாப்பூர் லஸ் முனையிலிருந்து மந்தைவெளி வரைக்கும் நடந்து பாருங்கள். எத்தனை பல் கிளினிக் பலகைகள்! தி.நகர், அடையாறிலும் இதே கதைதான். பலகைகளில் எழுதியிருப்பதும் ஏறக்குறைய ஒரே பட்டியல்: கிளீனிங், ஃபில்லிங், ரூட் கேனால், கேப், இம்ப்ளான்ட், கிளிப். ஹோட்டல் மெனு மாதிரி வரிசையாக இருப்பதால், தனித்தனிச் சமாச்சாரங்கள் போலத் தோன்றும். ஆனால் ஃபில்லிங், ரூட் கேனால், பல் எடுப்பது, இம்ப்ளான்ட் எல்லாமே பெரும்பாலும் ஒரே நோயின் அடுத்தடுத்த கட்டங்கள். எந்தக் கட்டத்தில் போய் நிற்கிறோம் என்பதுதான் செலவையும் வலியையும் தீர்மானிக்கிறது.

நான் மென்பொருள் ஆள், டாக்டர் இல்லை. வீட்டில் மூன்று தலைமுறைக்கும் பல் செலவு வரிசையாக வந்தபோது படித்துக் குறித்து வைத்ததைத்தான் இங்கே தருகிறேன்.

பல்லுக்கு மூன்று அடுக்கு

வெளியே எனாமல். உடம்பிலேயே கடினமான பொருள், எடையில் சுமார் 96 சதவீதம் தாது. அதில் உயிரணுக்கள் கிடையாது. அதனால் ஓட்டை விழுந்தால் எலும்பு மாதிரி தானாகக் கூடாது. அதற்குள்ளே டென்டின், கொஞ்சம் மிருதுவானது. நடுவில் நரம்பும் ரத்தக் குழாய்களும் உள்ள கூழ். 'நரம்பு வரைக்கும் போயிடுச்சு' என்று டாக்டர் சொல்வது இந்தக் கூழைத்தான்.

வாயில் இருக்கும் பாக்டீரியா நாம் சாப்பிடும் சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகிறது. பி.எச். அளவு சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலின் தாது கரைய ஆரம்பிக்கும். 1940களில் ராபர்ட் ஸ்டீபன் என்ற அமெரிக்கர் இதை அளந்தார். சர்க்கரைத் தண்ணீரில் வாய் கொப்பளித்த சில நிமிடங்களில் பி.எச். சடாரென இறங்குகிறது, பழைய நிலைக்கு வர அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் எச்சில்தான் அமிலத்தைத் தணித்து, கரைந்த தாதுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறது.

ஆக, எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பது முக்கியம். ஸ்வீடனில் விபெஹோம் என்ற காப்பகத்தில் 1940களின் பிற்பகுதியில் நடந்த ஆய்வும் இதைத்தான் காட்டியது. அறிவு வளர்ச்சி குன்றிய நோயாளிகளுக்கு வேண்டுமென்றே ஒட்டும் மிட்டாய் கொடுத்துச் சொத்தை வரவைத்த ஆய்வு அது. இன்று எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காது. சாப்பாட்டோடு இனிப்பு சாப்பிட்டவர்களைவிட, இடையிடையே ஒட்டும் இனிப்பு சாப்பிட்டவர்களுக்குச் சொத்தை மிக அதிகம். நம்ம வீட்டுக் கணக்கில் சொன்னால்: கல்யாணச் சாப்பாட்டில் ஒரு ஜாங்கிரியைவிட, சர்க்கரை போட்ட காபியை மணிக்கொரு தரம் உறிஞ்சுவது பல்லுக்குக் கெடுதல். பால் பாட்டிலோடு குழந்தையைத் தூங்க வைப்பதும் அப்படித்தான். தூக்கத்தில் எச்சில் சுரப்பது ரொம்பக் குறைவு.

ஆழத்துக்கு ஏற்ற வைத்தியம்

முதலில் எனாமலில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் திட்டு வரும். இன்னும் ஓட்டை விழவில்லை. ஃப்ளோரைடு வார்னிஷ், ஒழுங்கான பல் துலக்கல், நொறுக்கைக் குறைப்பது என்று இங்கேயே நிறுத்திவிடலாம்.

ஓட்டை டென்டினுக்குள் போனால் ஃபில்லிங். சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பல் நிற காம்போசிட் வைத்து அடைப்பார்கள். அனேகமாக ஒரே தடவையில் வேலை முடியும்.

கூழ் கெட்டுப்போனால் ரூட் கேனால். கூழை எடுத்து, வேருக்குள் இருக்கும் மெல்லிய கால்வாய்களைச் சுத்தம் செய்து, கட்டாபெர்ச்சா என்ற பொருளால் அடைக்கிறார்கள். இது மலேயா பக்கத்து மரப்பால். 1870-71ல் சென்னையிலிருந்து பினாங்குக்குக் கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு உறையாக இருந்ததும் இதேதான். கடல் தண்ணீர் புகாமல் காத்த சரக்கு, இப்போது பல் வேரில் கிருமி புகாமல் காக்கிறது! கூழ் போன கடைவாய்ப்பல் மெல்லும்போது பிளக்க வாய்ப்பு அதிகம். அதனால்தான் மேலே கேப். 'கேப் அப்புறம் போட்டுக்கலாம்' என்று வருஷக்கணக்கில் விட்டால் ரூட் கேனாலுக்குக் கொடுத்த காசும் வீண்.

அதுவும் முடியாவிட்டால் பல்லை எடுப்பது. பிறகு அந்த இடத்தில் பிரிட்ஜ் அல்லது இம்ப்ளான்ட். டைட்டானியம் எலும்போடு ஒட்டி வளரும் என்பதை 1950களில் முயல் எலும்பில் கவனித்தவர் ஸ்வீடனின் பிரோனெமார்க். 1965ல் முதல் நோயாளிக்கு வைத்தார். அருமையான கண்டுபிடிப்புதான், ஆனால் இந்த வரிசையில் பொதுவாக ஆகும் பெரிய செலவும் இதுதான். எங்கள் தொழிலில், எழுதும்போதே பிடித்த பிழைக்கும் வாடிக்கையாளரிடம் போன பிறகு பிடித்த பிழைக்கும் உள்ள வித்தியாசம் இது.

வலியை நம்பாதீர்கள்

எனாமலுக்கு வலி தெரியாது. டென்டின் தொட்டபின் ஐஸ்கிரீம் பட்டால் ஒரு விநாடி சுரீர் என்கும், போய்விடும். கூழ் வீங்கினால் அந்தச் சுரீர் நிமிஷக்கணக்கில் நிற்கும். ராத்திரி படுத்தால் விண்விண் என்று தெறிக்கும். பிறகு ஒருநாள் வலி சுத்தமாக நின்றுவிடும். 'கிராம்புத் தைலம் வெச்சேன், சரியாயிடுச்சு' என்போம். கிராம்பில் உள்ள யூஜெனால் நிஜமாகவே மரத்துப்போகச் செய்யும். ஆனால் அப்படித் திடீரென்று நின்ற வலிக்குப் பல சமயம் காரணம் வேறு: கூழ் செத்துவிட்டது. கிருமி வேர் நுனி வழியாக எலும்புக்குப் போய்க்கொண்டிருக்கும்.

மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்வதும் தீர்வில்லை. செத்த கூழுக்குள் ரத்த ஓட்டம் இல்லாததால் மருந்து அங்கே போய்ச் சேராது. முகம் வீங்கி, காய்ச்சலோடு வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமானால், கிளினிக் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது. நேராகப் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுதான்.

யாரும் கவனிக்காத ஆறு வயதுப் பல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

குழந்தைக்கு 20 பால்பற்கள். சுமார் ஆறு வயதில், கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால், மேலே இரண்டு கீழே இரண்டாக நான்கு கடைவாய்ப்பற்கள் முளைக்கும். இவற்றுக்காக எந்தப் பால்பல்லும் விழுவதில்லை. அதனால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. முன்பல் விழுந்து பொக்கை வாயோடு சிரிக்கும் போட்டோவை எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருப்போம். பின்னால் சத்தமில்லாமல் இது வந்து நிற்கும். இவை நிரந்தரப் பற்கள். இன்னும் அறுபது எழுபது வருஷம் மெல்லவேண்டியவை. மேல்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருப்பதால் சொத்தைக்குத் தோதான இடம் வேறு. பெற்றோர் கறுப்பைப் பார்த்தாலும் 'விழப்போற பல்லுதானே' என்று விட்டுவிடுகிறார்கள். விழுந்தால் வேறு முளைக்காது.

இதற்கு எளிமையான வழி இருக்கிறது. பல் முழுசாக வெளியே வந்ததும் பள்ளங்களை சீலன்ட் பூசி மூடிவிடலாம். ஊசி இல்லை, துளை போடுவது இல்லை.

பால்பல்லும் லேசுப்பட்டதில்லை. பின்பக்கப் பால்பற்கள் 10, 12 வயது வரை இருக்கவேண்டியவை. முன்னாடியே எடுத்துவிட்டால் ஆறு வயதுப் பல் முன்னே நகர்ந்து, அடுத்து வரவேண்டிய பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கிளிப் செலவு. எடுத்தே ஆகவேண்டும் என்றால், இடம் காக்கும் கம்பி தேவையா என்று கேளுங்கள்.

தெரு கிரிக்கெட்டில் நிரந்தர முன்பல் வேரோடு விழுந்தால் வேரைத் தொடாமல், வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்கு இருந்தால் லேசாக அலசி, முடிந்தால் அதே குழியில் வையுங்கள். இல்லாவிட்டால் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் போனால் பிழைக்க வாய்ப்பு உண்டு. பால்பல்லாக இருந்தால் திருப்பி வைக்கக் கூடாது.

பெரியவர்களுக்கு ஈறு

தாத்தா பாட்டிக்குப் பல் போவதற்குச் சொத்தை மட்டும் காரணமில்லை, ஈறு நோயும்தான். பல்லில் படியும் அழுக்கு இறுகிக் காறையாகும். அதன்மேல் கிருமி தங்கி ஈறை வீங்க வைக்கும். மெல்லத் தாடை எலும்பு கரையும். பெரும்பாலும் வலியே இருக்காது. துலக்கும்போது ரத்தம் வருவதுதான் முதல் அறிகுறி. சர்க்கரை நோய் ஈறு நோயைக் கூட்டும். ஈறு நோய் சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் கெடுக்கும்.

'கிளீனிங் பண்ணினா பல் ஆடும், இடுக்கு விழும்' என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் பயம். இடுக்கு ஏற்கெனவே இருந்தது, காறை அதை அடைத்துக்கொண்டிருந்தது. எடுத்ததும் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஃப்ளோரைடு: நல்லதா கெட்டதா?

அளவு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் இருந்து, குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறையும் பெரியவர்களுக்கு எலும்புக் கோளாறும் வந்தன. அதற்காகத்தான் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் கடனுதவியோடு 2013ல் தொடங்கியது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது வரம்பு. பேஸ்ட் விஷயம் வேறு. பல்லில் பட்டுத் துப்பிவிடுகிறோம். மூன்று வயதுக்குள் அரிசி அளவு, அதன்பின் ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்குச் சுருள் சுருளாக வைப்பது பேஸ்ட் சீக்கிரம் தீர்வதற்கு.

எங்கே போவது, என்ன கேட்பது?

மருத்துவக் காப்பீடுகளில் பெரும்பாலானவை வழக்கமான பல் வைத்தியத்துக்குப் பணம் தராது. கையிலிருந்துதான் போகும். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே, 1953ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காத்திருக்கவேண்டும், ஆனால் எல்லாப் பிரிவுகளும் ஒரே இடத்தில். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பொதுவாகக் கிளினிக்கைவிடக் கட்டணம் குறைவு. பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வார்கள், நேரம் கூட ஆகும்.

எங்கே போனாலும் நான் கேட்கும் கேள்விகள் நான்கு. சொத்தை எந்த அடுக்கு வரைக்கும் போயிருக்கு, எக்ஸ்ரேயில் காட்ட முடியுமா? இப்பவே செய்யணுமா, மூணு மாசம் கவனிக்கலாமா? இதைவிடச் சின்ன வைத்தியம் போதாதா? கேப் சேர்த்து மொத்தம் எவ்வளவு? நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். பதில் மழுப்பலாக இருந்தால் அடுத்த தெருவில் இன்னொரு பலகை இருக்கிறது.

வீட்டில் ஆறேழு வயதுப் பிள்ளை இருந்தால், இன்று ராத்திரி பல் துலக்கும்போது மொபைல் டார்ச் அடித்துக் கடைசிவரை பாருங்கள். வாயின் ஒவ்வொரு மூலையிலும் நடுவிலிருந்து எண்ணிக்கொண்டே போங்கள். ஆறாவதாக ஒன்று நின்றால், அதுதான் நான் சொன்ன பல்.