தட்டின் ஓரத்தில் ஒதுங்கும் காய்கள்



ஒரகடத்தை அடுத்த வல்லம் வடகால் இன்று சிப்காட் தொழிற்பேட்டையால் அறியப்படும் ஊர். தாயும் தகப்பனும் ஷிப்ட் வேலைக்குப் போகும் வீடுகளில், கடையில் தொங்கும் பாக்கெட் தின்பண்டமே பிள்ளையின் கைக்கு எளிதாக எட்டுகிறது. வயிறு நிரம்பிவிடும், சத்து சேராது.

பள்ளியில் உணவு இல்லாமல் இல்லை. 1956-ல் காமராஜர் காலத்தில் மாநிலமெங்கும் பரவிய மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிவடைந்தது. 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் காய்கறி சாம்பார் உண்டு. காய் தட்டுக்கு வந்துவிட்டது. வாய்க்குள் போவதுதான் பாக்கி.

இது சிறு காரியமல்ல. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. இவர்களே பிறகு பள்ளிக்கு வருகிறார்கள். இரத்தம் குறைந்த பிள்ளை சீக்கிரம் களைத்துப்போகும். பாடத்தில் மனம் நிற்காது.

கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர வைட்டமின் சி துணை செய்கிறது. ஆகவே கீரைச் சோற்றோடு ஒரு கொய்யாத் துண்டோ நெல்லிக்காயோ கொடுங்கள் என்கிறோம். முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி ஆகியவை கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ தருபவை. கீரையைச் சிறிது எண்ணெயில் வதக்கினால் அது நன்றாகச் சேரும். ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குக் காயும் பழமுமாகக் குறைந்தது 350 கிராம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் அறிவுறுத்தியது.

சாப்பிட வைப்பது எப்படி? அதட்டினால் வெறுப்பே வளரும். மிட்டாய் தருவதாக ஆசை காட்டினால் மிட்டாயின் மதிப்பே உயரும். பிள்ளை ஒருமுறை துப்பிய காயை, சில நாள் கழித்து ஒரே ஒரு கரண்டி மறுபடி வையுங்கள். எட்டு, பத்து முறை சுவைத்த பின்பே பல பிள்ளைகளுக்குப் பிடித்துப்போகிறது. பெரியவர்களும் உடன் உட்கார்ந்து அதையே உண்ண வேண்டும். பழைய சாக்கில் மண் நிரப்பிச் சிறுகீரை விதைத்தால் ஒரு மாதத்திற்குள் பறிக்கலாம். தன் கையால் பறித்ததைப் பிள்ளை ஆசையோடு ருசி பார்க்கும்.

பாபிலோனில் தானியேலும் அவன் தோழரும் மரக்கறி உண்டு முகக்களையோடு நின்றதை ஞாயிறு பள்ளியில் கற்பிக்கிறோம். அவர்களுக்குப் பத்து நாள் போதுமாயிருந்தது. நம் பிள்ளைகளுக்குப் பத்து முறையாவது பொறுமை தேவை. அந்தப் பொறுமை பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் சமையல் செய்யும் சகோதரிகளுக்கும் கிடைக்க ஜெபியுங்கள். உங்கள் காணிக்கை ஒரு பிடி கீரை விதையாகவோ ஒரு கூடை கொய்யாவாகவோ ஒரு பிள்ளையின் தட்டைச் சென்றடையட்டும்.

கர்த்தருடைய பணியில்,
மருத்துவமனைக் குழுவினர்