வளாக வை-ஃபை: கடவுச்சொல்லைக் கேட்பது யார்?

புது தில்லி:

மத்தியப் பல்கலைக்கழகங்களிலும் ஐஐடி போன்ற உயர்கல்வி நிறுவனங்களிலும் புதிதாகச் சேரும் மாணவ, மாணவியருக்கு விடுதி அறை, நூலக அட்டை ஆகியவற்றுடன் இன்னொன்றும் கிடைக்கிறது. வளாகத்தின் கம்பியில்லா இணையத்தில் நுழைவதற்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும்தான் அது.

வீட்டு வை-ஃபைக்கு அனைவருக்கும் பொதுவான ஒரு கடவுச்சொல் போதும். பாதுகாக்கப்பட்ட வளாக இணைப்பு அப்படிப்பட்டதல்ல. அங்கே ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு உண்டு. மடிக்கணினியிலோ கைபேசியிலோ வலைப்பின்னலின் பெயரைத் தேர்வு செய்தவுடன், அங்கீகார முறை எது, சான்றிதழ் எது, வெளியே காட்ட வேண்டிய அடையாளம் எது என்று அடுக்கடுக்காகக் கேள்விகள் எழுகின்றன. விடை தெரியாத பலர், சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம் என்ற வாய்ப்பைத் தேர்வு செய்துவிட்டுக் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்கின்றனர். இணைப்பு உடனே கிடைத்துவிடுகிறது. ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இன்றிப் பயன்படுத்த 2005-ல் அனுமதி அளிக்கப்பட்டது. அதன் பிறகு வை-ஃபை வேகமாகப் பரவியது. பாதுகாப்பு உணர்வு அந்த வேகத்தில் பரவவில்லை. அதன் விளைவு 2008-ல் தெரிந்தது. அந்த ஆண்டு ஜூலை 26-ல் ஆமதாபாதில் தொடர் குண்டுவெடிப்புகள் நிகழ்வதற்குச் சில நிமிஷங்கள் முன்னதாகச் செய்தி நிறுவனங்களுக்கு வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு குடியிருப்பின் பாதுகாப்பற்ற வை-ஃபை வழியே அனுப்பப்பட்டது தெரியவந்தது. ஆகஸ்ட் 23-ம் தேதி வந்த அடுத்த மின்னஞ்சலின் தடம் மும்பை மாதுங்காவில் உள்ள கால்சா கல்லூரியின் வலைப்பின்னலில் போய் முடிந்தது. தில்லியில் செப்டம்பர் 13-ல் குண்டுகள் வெடித்தபோதும் இதே கதைதான். இணைப்பின் சொந்தக்காரர்கள் காவல்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

இதையடுத்து 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, யார் பயன்படுத்துகிறார் என்பதை அடையாளம் காணாமல் வை-ஃபை சேவை அளிக்கக் கூடாது என்று இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. வளாகங்களில் ஆளுக்கொரு கணக்கு என்ற ஏற்பாட்டுக்கு இதுவும் ஒரு காரணம்.

அதே காலத்தில் நாடாளுமன்றத்திலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத் திருத்த மசோதா, 2008 டிசம்பர் 22-ல் மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. மக்களவையில் அமளிக்கிடையே விவாதமின்றி நிறைவேறிய மசோதாக்களுள் இதுவும் ஒன்று. கோடிக்கணக்கானோரின் அன்றாட வாழ்வைத் தொடும் சட்டத்துக்கு இந்த நிலை என்பது வருத்தத்துக்குரியது. அந்தத் திருத்தத்தில் வந்த 66-ஏ பிரிவு பெரும் சர்ச்சைக்குள்ளாகி, 2015-ல் உச்ச நீதிமன்றத்தால் ரத்து செய்யப்பட்டது. பக்கத்திலேயே உள்ள 66-சி பிரிவை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. மற்றொருவரின் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவோருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் ரூ. 1 லட்சம் வரை அபராதமும் விதிக்க வகை செய்யும் அந்தப் பிரிவு இன்றும் நடைமுறையில் உள்ளது.

ஆனால் கடவுச்சொல் திருடப்பட்ட பிறகுதான் சட்டம் வரும். திருட்டு எப்படி நடக்கிறது?

நாடாளுமன்ற வளாகத்துக்குள் நுழையும் ஒவ்வொருவரிடமும் வாயிற்காவலர் அனுமதிச் சீட்டைக் கேட்கிறார். கேட்பவர் உண்மையான காவலர்தானா என்று யாரும் ஐயுறுவதில்லை. வாயிலும் கட்டடமும் அதற்குச் சாட்சி. வானலையில் வாயிலும் இல்லை, கட்டடமும் இல்லை. வலைப்பின்னலின் பெயர் மட்டுமே தெரிகிறது. அதே பெயரை யார் வேண்டுமானாலும் ஒரு சிறிய கருவிக்குச் சூட்டி, தேநீர்க் கடையிலோ பேருந்து நிறுத்தத்திலோ வைத்துவிடலாம். அந்தப் பெயரை நினைவில் வைத்திருக்கும் மடிக்கணினி, பைக்குள் இருந்தபடியே கூட அதனுடன் பேசத் தொடங்கிவிடும்.

இதைத் தடுப்பதற்காகவே சான்றிதழ். நம்மிடம் கடவுச்சொல்லைக் கேட்கும் முன், பல்கலைக்கழகத்தின் சர்வர் தான் யார் என்பதை நிரூபிக்க வேண்டும். சான்றிதழும் அதிலுள்ள சர்வர் பெயரும் சரியாக இருந்தால்தான் நமது கணினி மறையாக்கம் செய்யப்பட்ட பாதையில் விவரங்களை அனுப்பும். சரிபார்க்க வேண்டாம் என்று நாமே சொல்லிவிட்டால், போலிக் காவலரிடம் சீட்டை நீட்டியதற்குச் சமம். சில அமைப்புகளில் கடவுச்சொல் அப்படியே அவரிடம் போய்ச் சேரும். வேறு சிலவற்றில் மாற்றப்பட்ட வடிவில் போகும். ஆனால் பரவலாகப் பயன்படும் எம்எஸ்-சேப் 2 முறையை, கடவுச்சொல் எவ்வளவு நீளமானதாக இருந்தாலும் ஒரு நாளுக்குள் உடைக்க முடியும் என்று 2012-லேயே லாஸ் வேகாஸில் நடந்த மாநாட்டில் செய்து காட்டப்பட்டது.

திருடு போவது இணைய வசதி மட்டுமல்ல. பல நிறுவனங்களில் அதே கடவுச்சொல்தான் மின்னஞ்சலுக்கும், பாடப் பதிவுக்கும், மதிப்பெண் விவரங்களுக்கும்.

கூகுள் நிறுவனம் 2020 டிசம்பரில் தனது பிக்சல் கைபேசிகளில் சரிபார்க்க வேண்டாம் என்ற வாய்ப்பையே நீக்கிவிட்டது. அப்போது இணைப்பு கிடைக்கவில்லை என்று உலகெங்கும் வளாகங்களில் புகார்கள் எழுந்தன. புகார் சொன்னவர்கள் கோபப்பட்டிருக்க வேண்டியது கைபேசியின் மீதல்ல. சர்வர் பெயரையும் சான்றிதழ் விவரத்தையும் அறிவிப்புப் பலகையில்கூட வெளியிடாத நிர்வாகங்களின் மீதுதான். விண்டோஸ் கணினியில் முதல் முறை இணையும்போது, இந்த இடத்தில் இந்த வலைப்பின்னலை எதிர்பார்த்தீர்களா என்று ஒரு கேள்வி வரும். எதிர்பார்த்தேன் என்று அனைவரும் சொல்லத்தானே செய்வார்கள்? சான்றிதழ் விவரத்தை ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் கையில் இல்லாதபோது அந்தக் கேள்வியால் பயன் இல்லை.

இணைப்பு கிடைக்காமல் தவிப்போர் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு. பழைய மடிக்கணினிகளில் உள் மின்கலம் தீர்ந்து தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால், சான்றிதழ் செல்லாது என்றே கணினி கருதும். தேதியைத் திருத்தினால் போதும். கடவுச்சொல்லை மாற்றியவர்கள் எல்லாக் கருவிகளிலும் மாற்ற வேண்டும். மேஜையில் கிடக்கும் கைபேசி பழைய சொல்லையே திரும்பத் திரும்ப அனுப்பிக் கணக்கை முடக்கிவிடும். கருவியின் வன்பொருள் முகவரியைப் பதிவு செய்யச் சொல்லும் வளாகங்களில், 2020-க்குப் பிந்தைய ஐபோன்கள் ஒவ்வொரு வலைப்பின்னலுக்கும் வெவ்வேறு முகவரியைக் காட்டும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கடவுச்சொல்லை நண்பருக்குக் கொடுப்பது விடுதிகளில் சகஜம். இந்தியக் கணினி அவசர உதவிக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் பிறப்பித்த உத்தரவின்படி, கணினி அமைப்புகளின் பதிவேடுகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும். பின்னர் விசாரணை என்று வந்தால் பதிவேட்டில் இருக்கப்போவது கொடுத்தவரின் பெயர்தான்.

விருந்தினராக வேறு வளாகத்துக்குச் செல்வோருக்கு எஜுரோம் என்ற ஏற்பாடு உள்ளது. 2003 வாக்கில் ஐரோப்பாவில் தொடங்கி இப்போது 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் செயல்படும் இதனை இந்தியாவில் எர்னெட் இந்தியா ஒருங்கிணைக்கிறது. மாணவர் எங்கிருந்தாலும், அவரது கடவுச்சொல்லைச் சொந்தப் பல்கலைக்கழகத்தின் சர்வர் மட்டுமே பார்க்கும். விருந்தளிக்கும் நிறுவனம் பார்க்க முடியாது. இங்கும் நிபந்தனை அதே சான்றிதழ்தான்.

வளாக இணைப்பின் தேவை முன்னெப்போதையும் விட இப்போது அதிகம். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ரூ. 6,000 கோடியில் ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில், 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களின் ஏறத்தாழ 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும் சுமார் 13,000 ஆய்விதழ்களைப் படிக்க வழி செய்யப்பட்டுள்ளது.

சரியான அமைப்புகளைத் தானே செய்து கொடுக்கும் நிறுவல் மென்பொருளை எஜுரோம் இலவசமாகவே வழங்குகிறது. ஆனால் அதைப் பதிவிறக்கவும் இணையம் வேண்டும். கைபேசியில் டேட்டா தீர்ந்த நிலையில் முதல் நாள் விடுதிக்கு வந்து சேரும் மாணவரால் அது இயலாது. அந்த மென்பொருளை ஒரு பென் டிரைவில் ஏற்றி, சர்வரின் பெயரை எழுதிய தாளுடன் விடுதிக் காப்பாளர் அறையில் வைப்பதற்கு எந்த நிர்வாகத்துக்கும் பெரிய செலவு ஆகாது.