மேல்பூச்சும் உள்ளிரும்பும்

"மேல்பூச்சு" என்ற சொல்லை நாம் பெரும்பாலும் குறை கூறவே வழங்கி வருகிறோம். உள்ளே சரக்கில்லாமல் வெளியே பகட்டுவது மேல்பூச்சு. அந்தச் சொல்லுக்கு நாம் அநீதி செய்துவிட்டோமோ என்ற ஐயம், செம்பூரில் என் மாமாவின் பழைய மோட்டார் காரின் எஞ்சினுக்கு வர்ணம் பூசிய பிறகு எனக்கு உண்டாயிற்று. நான் ரசாயனம் பயிலும் மாணவன். படித்ததும் பட்டதும் சேர்ந்து கற்பித்ததை அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

மேல்நாடுகளில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர் அதன் எஞ்சினைக் கழற்றித் துடைத்து வர்ணம் பூசுவதை ஒரு பொழுதுபோக்காகவே கொண்டிருக்கின்றனர். நம்மவர் வீட்டில் ஸ்போர்ட்ஸ் காருக்கு எங்கே போவது? மாமாவின் கார் பிரீமியர் பத்மினி, குர்லாவில் பிறந்தது. ஆயினும் அதன் எஞ்சினுக்குப் பந்தயக் குலத்தில் உறவு உண்டு. 68 மில்லிமீட்டர் குறுக்களவும் 75 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட நான்கு சிலிண்டர்கள். மொத்தம் 1,089 கன சென்டிமீட்டர். இதே அளவுள்ள எஞ்சினை இத்தாலியின் ஃபியட் நிறுவனம் 1937இலேயே தன் காரில் வைத்தது. 1946இல் சிசிட்டாலியா என்ற சிறிய பந்தயக் கார் ஃபியட் 1100இன் பாகங்களைக் கொண்டே உருவாயிற்று. சென்னையை அடுத்த சோழவரத்தின் பழைய விமானத் தளத்தில் நடந்த பந்தயங்களிலும் ஃபியட் கார்கள் ஓடியதுண்டு.

மாமா பல ஆண்டுகள் இந்தப் பத்மினி ரகத்தையே டாக்ஸியாக ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். பிறகு பழைய கார் ஒன்றைச் சொந்தமாக வாங்கிக்கொண்டார். 2023 அக்டோபரில் மும்பையின் கடைசிப் பத்மினி டாக்ஸியும் ஓய்வு பெற்ற செய்தியைப் படித்தது முதல், "இதையாவது காப்பாத்தணும், மருமவனே" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். பதினைந்து ஆண்டு கடந்த சொந்தக் காரின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். காரைப் பரிசோதனைக்கும் கொண்டுபோக வேண்டும். அந்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எனவே ஆடி மாத மழையில் ஒரு ஞாயிறன்று, நானும் அவரும் எஞ்சினைப் பழந்துணியால் துடைத்துவிட்டுப் பளபளக்கும் வர்ணத்தைப் பூசினோம். தீபாவளிக்குள் அது அப்பளம் போல் உப்பி உதிர்ந்தது.

ஏன் உதிர்ந்தது? துரு என்பது இரும்பின் மேல் படிந்த அழுக்கன்று. இரும்பே மாறிப்போன நிலை. ஈரம் பட்ட இரும்பின் ஓரிடத்தில் இரும்பணுக்கள் எலெக்ட்ரான்களை இழந்து கரைகின்றன. வேறோரிடத்தில் நீரும் பிராணவாயுவும் அந்த எலெக்ட்ரான்களை ஏற்றுக்கொள்கின்றன. ஆக, துருவேறும் இரும்பு ஒரு சிறு மின்கலமே. மும்பையின் கடற்காற்று கொண்டுவரும் உப்பு அந்த ஈரத்தில் மின்னோட்டத்தை எளிதாக்கிவிடும். விளைந்த துரு, தின்ற இரும்பைப் போல இரு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். வர்ணத்தின் அடியில் துரு இருந்தால் அது வளர்ந்து வர்ணத்தைத் தூக்கிவிடும். எண்ணெய் இருந்தாலோ வர்ணம் உலோகத்தைத் தொடவே தொடாது. எங்கள் வேலையில் இரண்டும் இருந்தன.

ஆகவே இரண்டாம் முறை, வேலையில் முக்கால் பங்கைச் சுத்தம் செய்வதற்கே ஒதுக்கினோம். முதலில் மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு பிசுக்கைக் கரைத்தோம். பின்பு சோப்புநீரால் கழுவி உலர்த்தினோம். கழுவிய பாகத்தின் மேல் தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் ஒரே படலமாகப் பரவினால் எண்ணெய் போயிற்று என்று அறியலாம். அதன்பின் வயர் பிரஷாலும் உப்புத்தாளாலும் துருவை நீக்க வேண்டும். குழிகளில் எஞ்சியதற்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கி உதவும். அது துருவைக் கரைத்து, இரும்பின் மேல் பாஸ்பேட் படலம் ஒன்றை விட்டுச் செல்கிறது. வர்ணம் பிடித்துக்கொள்ள அது நல்ல தளம். அதைப் பயன்படுத்தும் முறையைப் புட்டியில் உள்ள குறிப்பின்படியே செய்க.

எல்லா உலோகத்துக்கும் ஒரே வைத்தியம் ஆகாது. பத்மினியின் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். பழைய பாகங்களைக் காஸ்டிக் சோடாவில் ஊற வைக்கும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. இரும்பு அதைத் தாங்கும். அலுமினியமோ ஹைட்ரஜனைக் குமிழியிட்டுக்கொண்டு கரையும். அலுமினியத்தின் மேல் இயல்பாகவே ஓர் ஆக்சைடு படலம் இருப்பதால் சாதாரணப் பிரைமர் எளிதில் ஒட்டாது. அதற்கென்றே உள்ள எட்ச் பிரைமரைப் பூச வேண்டும், அல்லது வர்ணமின்றியே விட்டுவிடலாம்.

வர்ணம் படக்கூடாத இடங்களும் உண்டு. கேஸ்கட் அமரும் முகங்கள், மரைகள், கார்புரேட்டர் ஆகியவற்றை டேப்பால் மூடுக. பிளாக்கில் பொறித்த எஞ்சின் எண்ணைத் தேய்க்கவும் வேண்டா, மறைக்கவும் வேண்டா. பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுவோருக்கு அது தெளிவாகத் தெரிய வேண்டும். பாட்டரியின் எர்த் வயர் பிணையும் இடத்தில் நான் அழகாக வர்ணம் பூசிவிட்டேன். சாவியைத் திருப்பினால் "டிக்" என்ற ஓசையோடு சரி. ஸ்டார்ட்டருக்குச் சென்ற மின்சாரம் திரும்பும் வழியை நானே அடைத்திருந்தேன்! மாமா ஒன்றும் பேசாமல் அந்த ஒரு ரூபாய் நாணயமளவு இடத்தைச் சுரண்டினார். எஞ்சின் உயிர் பெற்றது.

இனி உஷ்ணம். பிளாக்கைச் சுற்றும் நீர் ஏறத்தாழ 80, 90 டிகிரி வரை சுடும். அதற்கு எஞ்சின் எனாமல் என விற்கும் வர்ணம் போதும்; கதவு ஜன்னலுக்குப் பூசுவது நாளடைவில் மஞ்சளித்து நொறுங்கும். புகைக்குழாய் தொடங்கும் மேனிஃபோல்டோ பல நூறு டிகிரிக்குச் சூடேறும். அங்கே கரிமச் சங்கிலிகளாலான சாதாரண வர்ணம் கருகிவிடும். சிலிக்கனும் பிராணவாயுவும் பிணைந்த சிலிக்கோன் பிசினாலான வர்ணமே தாங்கும். அந்தப் பிணைப்பு கரிமப் பிணைப்பைவிட வலியது. அதையும் டப்பாவில் குறித்தபடி படிப்படியாகச் சூடேற்றி இறுக விட வேண்டும். எதையும் ஒரே தடிப்பாகப் பூசுவதைவிட, மெல்லிய பூச்சுகளாக இடைவெளி விட்டுப் பூசுவதே நன்று.

பருவமும் பார்க்க வேண்டும். தின்னர் ஆவியாகும்போது உலோகத்தைக் குளிர வைக்கிறது. காற்று ஈரமாயிருந்தால் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத பனி படரும். பூச்சு வெளுத்து வலுவிழக்கும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேற்பட்டால் பூசாதே. உலோகம் பனி படியும் உஷ்ண நிலையைவிட 3 டிகிரியாவது சூடாயிருக்கட்டும் என்பது தொழில் துறையினர் விதி. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை இதற்கு இடமில்லை. மார்கழி, தை மாதங்களே உகந்தவை.

கடைசியாகச் சொல்வதே முதன்மையானது. நம் வீடுகளில் பட்டறையும் சமையலறையும் தள்ளித் தள்ளி இருப்பதில்லை. பெட்ரோலால் பாகங்களைக் கழுவாதீர்கள்; அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து அடுத்த அறையின் அடுப்பையும் சென்றடையும். மண்ணெண்ணெயும் எரிவதே, அதையும் வெளியில் வைத்தே கையாளுங்கள். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கலாம். வீட்டு வர்ணங்களில் ஈயத்தை 90 பி.பி.எம். அளவுக்குக் கட்டுப்படுத்தும் விதிகளே 2016இல்தான் வந்தன. ஆகையால் உலர்ந்த நிலையில் தேய்க்காமல் நீர் தொட்டுத் தேய்த்து, சேற்றைக் காகிதத்தில் வழித்தெடுங்கள். பழைய கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதை நனைக்காமல் சுரண்டலாகாது. இரண்டு டப்பா கலந்து பூசும் வர்ணங்கள் பலவற்றில் மூச்சைப் பாதிக்கும் ஐசோசயனேட் உண்டு. அவற்றை அதற்குரிய கருவியுள்ள பட்டறைக்கே விட்டுவிடுக. எங்கள் கட்டிடத்து முற்றத்தில் குழந்தைகள் விளையாடுவார்கள். ஆகவே அவர்கள் பள்ளிக்குச் சென்றிருக்கும் நேரத்தில் மட்டுமே வேலை செய்து, மாலைக்குள் தரையைக் கழுவிவிட்டோம். அத்தை போட்ட நிபந்தனை அது; அதைவிடச் சிறந்த விதி எந்த நூலிலும் நான் கண்டதில்லை.

தை மாதத்தில் பூசிய வர்ணம் ஒரு மழைக்காலத்தைக் கடந்து நிற்கிறது. பரிசோதனையில் எஞ்சின் எண்ணையும் சிரமமின்றிப் படித்துக்கொண்டார்கள். வர்ணத்தின் தடிப்பு ஏறத்தாழ ஒரு தலைமயிரின் பருமனே இருக்கும். ஆயினும் அடியிலுள்ள இரும்பு மெய்யாகவே சுத்தமாயிருந்தால், அந்த மெல்லிய படலம் கடற்காற்றையே எதிர்த்து நிற்கும். அழுக்கை மறைக்கப் பூசினால்தான் அது வெறும் மேல்பூச்சு.