செவிச் சோதனைச் சீட்டை எப்படிப் படிப்பது?

குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்செங்கோடு, ஜலகண்டாபுரம் என்று சேலம், நாமக்கல் சமவெளியின் எந்த நெசவூருக்குள் புகுந்தாலும், ஆளைக் காண்பதற்கு முன்பே காதில் வந்து விழுவது விசைத்தறியின் சப்தம். நாடா இடமும் வலமும் ஓயாமல் பாயும் பட்டறைகளில் அது 90 டெசிபலைத் தாண்டுவது சகஜம். அங்கே ஷிஃப்ட் ஷிஃப்டாக நின்று ஜீவனம் நடத்துகிறவர்களுக்கு நேரும் செவிக்குறைவைத் தொழிற்சாலைச் சட்டமும் ஈ.எஸ்.ஐ. சட்டமும் தொழில்நோய் என்றே அங்கீகரித்தன. ஆயினும் அந்த நோய்க்குப் பிரதான சாட்சி செவிச் சோதனைச் சீட்டே ஆகையால், அதைப் படிக்கவும், எவ்வளவு தூரம் நம்பலாம் என்று நிதானிக்கவும் தொழிலாளி அறிந்திருப்பது அவசியம்.

சோதனையில் 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை பல சுருதிகளில் ஒலி அனுப்பி, கேட்டதும் பொத்தானை அழுத்தச் சொல்கிறார்கள். ஒவ்வொரு சுருதியிலும் காது கிரகிக்கக்கூடிய மிகத் தாழ்ந்த அளவு, வலக்காதுக்குச் சிவப்பு வட்டமாகவும் இடக்காதுக்கு நீலப் பெருக்கல் குறியாகவும் வரைபடத்தில் பதிவாகும். குறி கீழே இறங்க இறங்கக் குறைவு அதிகம். 25 டெசிபலுக்குள் இருப்பதைச் சாதாரணமாகக் கொள்வது வழக்கம்.

இரைச்சலால் விளையும் சேதம் முதலில் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிப் பள்ளமாக விழுந்து, 8000-இல் சற்றே மேலேறும். மூப்பினால் வருவதோ உயர்ந்த சுருதிகளை நோக்கிச் சரிந்துகொண்டே போகும். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துச் சணல் நெசவாளரைப் பற்றி 1965-இல் வெளியான ஆராய்ச்சி, இப்பள்ளம் பெரும்பாலும் முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள்ளேயே விழுந்துவிடுவதையும், பேச்சுக்கு முக்கியமான 2000 ஹெர்ட்ஸ் அதற்கு வெகுகாலம் பின்னரே மோசமாவதையும் காட்டிற்று. ஆகவே 500, 1000, 2000 ஆகிய மூன்றின் சராசரியை மட்டும் பார்த்து ‘நார்மல்’ என்று எழுதப்பட்ட சீட்டு பொய்யன்று. ஆனால் பூரண உண்மையும் அன்று.

இனி, துல்லியம். ஒரே காதை ஒரே நாளில் இருமுறை சோதித்தாலும் 5 டெசிபல் வித்தியாசம் வருவது இயல்பு. அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் இரவு ஷிஃப்ட் முடித்து நேரே வந்தவரின் செவி தற்காலிகமாக மந்தப்பட்டிருக்கும். ஓய்வில் மீளக்கூடிய அந்த மந்தம் நிரந்தர நஷ்டமாகப் பதிவாகிவிடும். அமெரிக்க விதி முதல் சோதனைக்கு முன் 14 மணி நேரம் தொழிற்சாலை இரைச்சல் கூடாதென்று வற்புறுத்துவது இதனால்தான். ஒலி புகாத அறையின்றித் தறிக்கூடத்தை அடுத்தே சோதித்தால் தாழ்ந்த சுருதிகளில் செவி கெட்டதாகத் தோன்றும். காதுக் குறும்பியும், ஜலதோஷமும், வருஷந்தோறும் சரிபார்க்கப்படாத யந்திரமும் அவ்வாறே முடிவைத் திரிக்கும்.

இவ்வளவு சந்தேகங்களுக்கிடையிலும் சோதனைக்கு மதிப்பளிப்பது ஒப்பீடு. வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த சீட்டு இருந்தால், ஏதேனும் ஒரு காதில் சராசரி 10 டெசிபல் சரிந்திருப்பதைக் கொண்டே கேட்டைக் காலத்தில் கண்டுகொள்ளலாம். அது இல்லையேல், பள்ளம் எப்போது விழுந்தது, எந்தப் பட்டறையில் விழுந்தது என்று எந்த வைத்தியராலும் நிச்சயமாகச் சொல்ல இயலாது. வீட்டோடு ஒட்டிய சிறு பட்டறைகளில் தறி ஓட்டுகிறவர்களுக்கு இந்த முதற்சீட்டே கிடைப்பதில்லை. இழந்த செவியை எந்த மருந்தும் மீட்டுத் தராது. ஆகையால் தறியில் கைவைக்கும் முதல் நாளிலேயே இச்சோதனையைச் செய்வித்து, சீட்டின் பிரதியைத் தொழிலாளியின் கையிலேயே கொடுப்பதை நாம் நியாயமான உரிமையாகக் கேட்க வேண்டும்.